மகள் பெரியப்பாவுக்குச் செய்த அறை

மகள் முதலில் என்னைத்தான் கேட்டாள். இதை முன்னுக்கே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால், பிறகு அண்ணன்மேல் எனக்கு வந்த எரிச்சலெல்லாம் நியாயமானது என்று வாசிப்பவர்கள் நினைத்துவிடுவார்கள்.

அவள் கொழும்புப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் உள்ளக வடிவமைப்புப் படிக்கிறாள். ஒரு வீட்டின் உட்புறம் எப்படி இருக்க வேண்டும், எந்த அறையில் எது எங்கே இருக்க வேண்டும், வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்பதைப் பற்றிய படிப்பு. அப்படி ஒரு படிப்பு இருப்பதே அவளுக்கு இடம் கிடைத்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஊரில் யாராவது கேட்டால் "வீடு சோடிக்கிற படிப்பு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அதற்கு மேல் கேட்டால் எனக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய அழைப்பு வந்தது. மனைவி கிணற்றடியில் நின்றதால் நான் எடுத்தேன். வழக்கமாக நான் எடுப்பதில்லை.

"அப்பா, ஒரு விசயம் கேக்கோணும். வீட்டிலை உங்களுக்குப் பிடிச்ச இடம் எது?"

"என்ன பிள்ளை?"

"இருக்க விருப்பமான இடம். இந்தமுறை எங்களுக்கு ஒரு உண்மையான ஆளுக்கு ஒரு அறை செய்து காட்டோணும். கீறிக் காட்டுறதில்லை, செய்தே காட்டோணும். இதிலை நல்லாச் செய்தால்தான் பெரிய கொம்பனியிலை பயிற்சிக்கு எடுப்பினம். அதுதான் உங்களுக்குச் செய்வமோ எண்டு."

எனக்கு ஆசை வந்தது. வாயோ, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னது.

"எனக்கென்ன பிள்ளை, எங்கையெண்டாலும் சரி. இந்தா, அம்மா வாறா, அம்மாவோடை கதை."

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் மோட்டார் சைக்கிளைத் துடைத்தேன். அதை ஏற்கெனவே துடைத்திருந்தேன்.

இந்த வீடு மனைவியின் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் ஆண்களுக்கு அப்படித்தான். சின்ன வயதில் தாயின் வீட்டில் இருப்போம். கலியாணம் முடிந்ததும் உடுப்புப் பையோடு மனைவியின் வீட்டுக்குப் போவோம். மகளுக்கு ஒரு காலம் வந்தால் அதே வீடு அவளுக்குப் போகும். இதில் யாருக்கும் குறை இல்லை, மனைவியும் ஒருநாளும் "என்ரை வீடு" என்று சொல்லிக் காட்டியவள் இல்லை. ஆனாலும் நான் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு கதிரையைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. காலைத் தேத்தண்ணியை, மனைவி சமைக்கும் குசினியின் கதவடியில் நின்றபடி குடிப்பேன். பேப்பர் பார்ப்பதென்றால் விறாந்தைத் தூணோடு சாய்ந்து நின்று பார்ப்பேன். கதிரையில் இருக்க வேண்டாம் என்று யாரும் மறிக்கவில்லை. பழக்கம் அப்படி.

இரண்டு நாள் கழித்து மனைவி சோறு போட்டபடி சொன்னாள்: "பிள்ளை, கொக்குவிலிலை பெரியப்பாவின்ரை அறையைச் செய்யப் போறாளாம். அவர் ஒரு சொல்லிலை ஓமெண்டிட்டாராம்."

"நல்லது," என்றேன்.

பாதிச் சோற்றில் கை கழுவினேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் வடகரையில் கடல் தொழில் செய்த குடும்பம். வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர்தான். அண்ணன் படிப்பில் கெட்டிக்காரர். வகுப்பில் எழும்பி நின்று வாசிப்பார், அதிபரோடு பயமில்லாமல் கதைப்பார். எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் எழும்பி நிற்கச் சொன்னால் தொண்டை அடைத்துவிடும். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் வாசிக்கச் சொன்னபோது நான் எழும்பவே இல்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகாமல் கரைக்குப் போய் எங்கள் தகப்பன், ஐயாவோடு வலை உதறினேன். ஐயாவுக்கும் ஒரு கை தேவைப்பட்டது. யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. அண்ணன் படித்தார், பிறகு கனடாவுக்குப் போனார். ஐயாவும் அம்மாவும் காலமான பிறகு, சண்டையில் எங்கள் கரை வீடும் இல்லாமல் போனது. இப்போது அங்கே சுவர்கூட இல்லை.

ஓய்வு எடுத்த பிறகு அண்ணன் தனியாகத் திரும்பி வந்து கொக்குவிலில் வீடு கட்டினார். சுற்றிவர உயர்ந்த மதில், பெரிய கேற், அதற்குள் அவர் ஒருவர். அண்ணி பேரப்பிள்ளைகளை விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டார். மகள் பல்கலைக்கழகம் போன பிறகு அண்ணன் அவளோடு அடிக்கடி போனில் கதைக்கத் தொடங்கினார். பாதி ஆங்கிலம். என்னோடு அவள் கதைப்பது "அப்பா சாப்பிட்டியளோ", "ஓம்", "அம்மா நிக்கிறாவோ" என்பதோடு முடிந்துவிடும். பெரியப்பாவோடு கதைத்தால் போனின் சார்ஜ் இறங்கும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. சொந்த அண்ணன், சொந்த மகள். இதில் கோபிக்க என்ன இருக்கிறது?

அவள் விடுமுறையில் வந்தாள். எங்கள் வீடு இருக்கும் கொடிகாமத்திலிருந்து கொக்குவிலுக்கு நான்தான் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். சாவகச்சேரியில் நான் வேலை செய்யும் தளபாடக் கடையில் முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டேன். கடையின் சின்ன லொறியை ஓட்டுவதும், சோபாவையும் அலுமாரியையும் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவதும்தான் என் வேலை.

"என்னத்துக்கு லீவு?" என்றார் முதலாளி.

"மகள் ஒரு அறை செய்யிறாள். கூட்டிக்கொண்டு போகோணும்."

"கவனமப்பா. அவள் படிச்சு முடிச்சு வந்து எங்கடை கடைச் சோபா ஒண்டும் கூடாதெண்டு சொல்லப் போறாள். பேந்து உனக்கும் வேலை இல்லை, எனக்கும் கடை இல்லை."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணன் வீட்டில் அவர்கள் இருவரும் அறைக்குள் போனார்கள். நான் வெளியே விறாந்தைப் படியில் இருந்தேன். "உள்ளை வாவன்ரா" என்று அண்ணன் ஒருதரம் சொன்னார். "இல்லை அண்ணை, இஞ்சை காத்து நல்லாயிருக்கு" என்றேன். அறையின் யன்னல் எனக்குப் பின்னால்தான் இருந்தது. அவர்கள் கதைப்பது எல்லாம் கேட்டது.

"பெரியப்பா, காலமை எழும்பினால் முதல் என்ன செய்வியள்?"

"கண்ணாடியைத் தேடுவன்."

"எங்கை கழட்டி வைக்கிறனியள்?"

"அது தெரிஞ்சால் ஏன் தேடுறன்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் கேட்டுக்கொண்டே போனாள். கதவைச் சாத்திப் படுப்பீர்களா, திறந்தா? மத்தியானம் படுப்பீர்களா? யார் வந்தால் இந்த அறைக்குள் விடுவீர்கள்? இரவில் எழும்பினால் எந்தக் கையால் சுவிட்சைத் தேடுவீர்கள்? ஒரு மனிதனிடம் இவ்வளவு கேட்க இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னிடம் யாரும் இதில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. எந்தக் கையால் சுவிட்சைத் தேடுவேன் என்று நான் விறாந்தைப் படியில் இருந்தபடி யோசித்தேன். இடது கை. ஒருவருக்கும் தேவைப்படாத பதில்.

பிறகு அவள் கேட்டாள்: "இந்த அறையிலை இருக்கேக்கை எதைப் பாத்துக்கொண்டு இருக்க விருப்பம்?"



"அம்மாவை" என்றார் அண்ணன்.

நான் எழும்பிக் கேற்றடிக்குப் போய்விட்டேன். அம்மாவும் ஐயாவும் சேர்ந்து இருக்கும் படம் ஒன்றுதான் மிஞ்சியது. அதை அண்ணன் கனடாவுக்குக் கொண்டுபோய், திருப்பிக் கொண்டுவந்து, ஹோல் வாசலுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டி, முன்னால் சின்னச் சிவப்பு பல்ப்பும் எரியவிட்டிருந்தார். நான் அதை வாங்கிக்கொண்டுபோய் சாவகச்சேரியில் ஒரு ஸ்ரூடியோவில் பிரதி எடுத்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டு ஹோலில் வாசலுக்கு மேலே மனைவியின் தாய் தகப்பன், பக்கத்தில் அவளுடைய அம்மம்மா. சுவரில் இடம் இல்லை என்று சொல்ல முடியாது. நான் கேட்கவில்லை. என் படம் பேப்பரில் சுற்றியபடி அலுமாரிக்கு மேலே கிடந்தது.

திரும்பி வந்து யன்னலால் பார்த்தபோது மகள் அண்ணனைக் கதிரையில் இருத்தி, நிலத்திலிருந்து அவருடைய கண் வரைக்கும் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தாள். அண்ணன் சின்னப்பிள்ளைபோல நாடியை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். "அசையாதேங்கோ பெரியப்பா" என்று அவள் அவருடைய தோளில் கை வைத்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு சொல் இல்லை.

திரும்பி வரும்போது ஏ ஒன்பது வீதியில் காற்று அடித்தது. அவள் பின்னால் இருந்தபடி உரத்துக் கதைத்துக்கொண்டே வந்தாள். அவர்களுடைய மெடம் சொல்லிக் கொடுப்பாராம், முதலில் ஆள், பிறகுதான் சாமான் என்று. ஆளைத் தெரியாமல் அறை செய்தால் அது கடை மாதிரித்தான் இருக்குமாம். மெடம் அப்படிச் சொன்னா, மெடம் இப்படிச் சொன்னா. அந்த மெடம்மேலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

நானும் ஒன்று சொல்ல வேண்டும்போல இருந்தது. எத்தனை வருசமாக வீடுகளுக்குச் சாமான் இறக்குகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் "அம்மா, எங்கை வைக்கிறது?" என்று வீட்டுக்காரியைத்தான் கேட்போம். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். சோபாவைச் சுவரோடு போடச் சொல்வார்கள், அதன் பொலித்தீன் உறையைக் கழற்ற வேண்டாம் என்பார்கள். கட்டில் என்றால் யன்னலோடு. இதெல்லாம் எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு.

"பெரியப்பாவின்ரை கட்டிலை யன்னலோடை போடு பிள்ளை," என்று கத்திச் சொன்னேன். "காத்து வரும்."

"அது மேற்குப் பக்கம், அப்பா. பின்னேர வெயில் அடிக்கும். அவர் மத்தியானம் படுத்தால் நாலு மணிக்கு முன்னம் எழும்பாதவர். முகத்திலை விழும்."

"திரைச்சீலை போடலாம்தானே?"

"போட்டால் காத்து வராது."

நான் வேகத்தைக் கூட்டினேன். உதெல்லாம் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்வது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சில கிழமைகள் அந்த அறை வேலை நடந்தது. பெயின்ற் அடிக்க ஆள் வந்தது. ஹோலில் நின்ற கண்ணாடி அலுமாரியையும் அதற்குள் இருந்த கனடாப் பொம்மைகளையும் அறைக்குள் கொண்டுவர அண்ணன் ஆசைப்பட்டார். அவள் விடவில்லை. "அது ஹோலுக்கு வாற ஆக்கள் பாக்கிறதுக்கு. இது உங்களுக்கு," என்றாளாம். கட்டிலை உட்சுவர்ப் பக்கம் போட்டாள். கையெட்டும் உயரத்தில் சுவிட்ச், அதற்குக் கீழே கண்ணாடி வைக்க ஒரு சின்னத் தட்டு. யன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கைபிடிக் கதிரை. அந்தக் கதிரை எங்கள் கடையில் எடுத்தது. அதை லொறியில் கொண்டுவந்து இறக்கியது நான்தான். "எங்கை வைக்கிறது?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். "இஞ்சை, அப்பா," என்று அவள் நிலத்தில் சோக்கால் போட்டிருந்த அடையாளத்தைக் காட்டினாள்.

அந்தக் கதிரைக்கு எதிரே, சுவரில், அம்மா ஐயா படம். வாசலுக்கு மேலே இருந்ததை அவள் கழற்றி, நாங்கள் ஒருவரும் படம் மாட்டாத உயரத்தில் மாட்டியிருந்தாள். ஒரு மனிதன் கதிரையில் இருந்தால் அவனுடைய கண்ணுக்கு நேரே. சிவப்பு பல்ப் இல்லை, மாலை இல்லை. மற்றச் சுவரெல்லாம் வெறுமை. முழு அறையும் அந்தப் படத்துக்காகவே நிற்பதுபோல இருந்தது.

நான் நின்றபடி பார்த்தேன். நின்று பார்த்தபோது படம் என் வயிற்றளவில் கிடந்தது. காலமானவர்களை இப்படிக் கீழே வைக்கிறதா என்று தோன்றியது. சொல்லவில்லை. அண்ணன் தொடர்ந்து வருவோருக்கெல்லாம் அறையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். "என்ரை பெறாமகள் செய்தது." என்ரை பெறாமகள்! தம்பியின் மகளைப் பெறாமகள் என்பது எங்கள் வழக்கம்தான். அவளைப் பெற்றவன் லொறிக்குள் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான்.

மெடம் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து அறையைப் பார்ப்பதற்கு முதல் நாள் பின்னேரம் அண்ணனுடைய அழைப்பு எனக்கு வந்தது. மகள் வீட்டில் தாயோடு இருந்து, அடுத்த நாள் காட்ட வேண்டிய படங்களை மட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் கடையில் நின்றேன்.

"தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போ. பிள்ளைக்குச் சொல்லாதை."

"என்ன அண்ணை?"

"படத்தை மாத்தோணும். எனக்கு முழங்கால் நோ, ஏணியிலை ஏற ஏலாது. நீ வந்து வாசலுக்கு மேலை பழையபடி மாட்டிவிடு."

கொக்குவிலுக்குப் போகும் வழி முழுக்க எனக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. அசிங்கமான சந்தோசம்தான், ஆனாலும் சந்தோசம். நாளைக்கு அவள் வந்து பார்ப்பாள். படம் இருந்த இடம் வெறும் சுவர். பெரியப்பா இப்படிப்பட்டவர் என்று அவளுக்கு விளங்கும். நான் செய்வதெல்லாம் அண்ணன் சொன்னதைச் செய்வது மட்டும்தான். தம்பி வேறென்ன செய்வான்?

அண்ணன் ஏணியை எடுத்து ஹோல் வாசலில் சாத்தி வைத்திருந்தார். முகம் சரியில்லை.

"காலமை எங்கடை பழைய ஊர்ச் சனம் வந்ததுகள். அறையைக் காட்டினன். 'என்ன, தாய் தேப்பனைக் கீழை இறக்கிப் போட்டியோ, கனடாவிலை உப்பிடியே' எண்டு கேட்டுதுகள். எனக்கு மானம் போச்சு. நீ சொல்லு, உனக்கும் தாய் தேப்பன்தானே?"

"பிள்ளைக்கு நாளைக்கு மார்க்ஸ் போட வருகினமே அண்ணை."

"அறை முழுக்கக் கிடக்குது பாக்க. ஒரு படத்தாலை என்ன வரப்போகுது? நீ கழட்டு."

நான் அறைக்குள் போனேன். படம் கீழே இருந்ததால் பின்பக்க ஆணியைப் பார்க்கக் குனிந்தேன்; பகல் முழுக்கச் சாமான் தூக்கிய இடுப்பு வளைய மறுத்தது. அந்தக் கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து அதில் இருந்தேன். அப்படி இருந்து நிமிர்ந்தபோது அம்மா எனக்கு நேரே இருந்தார்.

படங்களை நாங்கள் எப்போதும் கீழிருந்து அண்ணாந்துதான் பார்ப்போம். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு முகம் பாதி தெரியாது. அம்மாவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்ததை நான் மறந்திருந்தேன். நான் எடுத்த பிரதியில் அது இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது அது தெரிந்தது. ஐயாவின் கழுத்துப் பட்டி ஒருபக்கம் மடங்கியிருந்தது. யன்னலால் பின்னேர வெயில் வந்தது. நான் கட்டில் போடச் சொன்ன இடத்தில், வெறும் நிலத்தில், அது அப்படியே பட்டையாக விழுந்து கிடந்தது. கதிரைக்கு எட்டவில்லை. படத்துக்கும் எட்டவில்லை.

ஒரு கணம் எனக்கு வந்தது மகள்மேல் பெருமை இல்லை. நான் பொய் சொல்லக் கூடாது. எனக்கு வந்தது, இந்தக் கதிரை எனக்குரியது என்ற நினைப்பு. இந்த அறை எனக்கு வந்திருக்க வேண்டியது. இதில் இருக்கிற பாக்கியம் கிடைத்த ஆள், நாலு சனம் சொன்னதுக்காக அதைக் கழற்று என்கிறார்.

"என்னடா, கழட்டிட்டியோ?" அண்ணன் வாசலில் நின்றார்.

"மாட்டன்."

"என்ன?"

"நான் மாத்த மாட்டன் அண்ணை."

எனக்குத் தெரிய அண்ணனிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல்தரம்.  நான் எழும்பவில்லை. கதிரையின் கைபிடியைப் பிடித்தபடி இருந்தேன்.

"அஞ்சாம் வகுப்போடை நிண்ட உனக்கு உதெல்லாம் விளங்கிட்டுதாக்கும்?"

"எனக்கு விளங்கேல்லை. அவளுக்கு விளங்குது. அவள் உங்களைத்தானே கேட்டவள்? உங்களைத்தானே இருத்தி அளந்தவள்? எங்கை கண்ணாடி வைப்பியள், எந்தக் கையாலை சுவிட்ச் போடுவியள் எண்டு உங்களைத்தானே ஒவ்வொண்டாக் கேட்டவள்? அப்ப இருந்து அனுபவியுங்கோவன். ஏன் கழட்டுறியள்?"

இவ்வளவையும் நான்தான் கதைத்தேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.  அண்ணன் மெல்லச் சிரித்தார்.

"உனக்குப் பொறாமையடா."

"ஓம்," என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும். கட்டில் விளிம்பில் வந்து இருந்தார். முழங்காலைத் தடவினார்.

"முதல் உன்னைத்தானே கேட்டவளாம். நீ எங்கையெண்டாலும் சரியெண்டிட்டியாம். 'அப்பாவுக்கு ஒரு அறை செய்ய ஏலாது பெரியப்பா, அவர் எங்கையும் இருக்கிறதில்லை' எண்டு சொன்னவள்."

அது எனக்கு அடிபட்டதுபோல இருந்தது. அவள் அதைப் போய் இவரிடமா சொல்ல வேண்டும்?

"சரி," என்றார் அண்ணன். "நாளைக்கு மட்டும் கிடக்கட்டும். அவ வந்திட்டுப் போகட்டும். பேந்து பாப்பம். எழும்பு, என்ரை கதிரை அது."

நான் எழும்பிக் கதிரையைச் சோக் அடையாளத்தில் பழையபடி வைத்தேன். ஏணியை மடித்துக் குசினிப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் மெடம் வந்தார். நான் மகளை இறக்கிவிட்டு மதிலோடு மோட்டார் சைக்கிளை நிறுத்தி அங்கேயே நின்றேன். உள்ளே ஆங்கிலம் கேட்டது. மெடத்தின் குரல் குறைவாக, மகளின் குரல் கொஞ்சம் நடுங்கி, பிறகு அண்ணனின் குரல் பெரிதாக. அண்ணனின் குரல் நிற்கவே இல்லை. மெடம் போன பிறகு மகள் ஓடி வந்து ஏறினாள்.

"எப்பிடி?"

"நல்லாப் போச்சுது, அப்பா. மெடம் அந்தப் படத்துக்கு முன்னாலைதான் கன நேரம் நிண்டவ. பேந்து அந்தக் கதிரையிலை இருந்து பாத்தவ. பெரியப்பாவைக் கேட்டவ, இப்பிடிக் கீழை வைச்சது உங்களுக்குச் சரியோ எண்டு."

"அவர் என்ன சொன்னவர்?"

"சூப்பராச் சொன்னவர். தாய் தேப்பனை மேலை தூக்கி வைச்சுக் கும்பிட்டிட்டு மறந்துபோறதுதான் எங்கடை சனத்தின்ரை பழக்கமாம். தனக்கு உது ஒருநாளும் பிடிக்காதாம். பக்கத்திலை வைச்சிருக்கோணும் எண்டு தான் எப்பவும் நினைச்சவராம். மெடம் அதை எழுதியே எடுத்தவ."

எனக்கு மோட்டார் சைக்கிளை அப்படியே மதிலில் கொண்டுபோய் மோத வேண்டும்போல இருந்தது. முதல் நாள் பின்னேரம் ஏணியைச் சாத்தி வைத்த மனுசன்! நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு நாளெல்லாம் மனம் முறிந்திருக்கும். அண்ணனைக் காட்டிக் கொடுக்க எனக்கு ஆசை இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். சாவகச்சேரி வரும்வரை அந்த வசனம் வாயில் நின்றது. "உன்ரை பெரியப்பா நேற்று…" பஸ் நிலையத்தடியில் அதை விழுங்கினேன்.

படம் அதற்குப் பிறகு வாசலுக்கு மேலே போகவே இல்லை. அண்ணன் இப்போது வருவோரையெல்லாம் அந்தக் கதிரையில் இருத்திக் காட்டுகிறார். தானே கண்டுபிடித்ததுபோல.

பயிற்சிக்கு அவளை எடுத்துவிட்டார்கள். கொழும்பில் பெரிய கொம்பனி. செய்தி வந்த அன்று மனைவி சர்க்கரைப் பொங்கல் செய்தாள். மகள் முதல் அழைப்பைப் பெரியப்பாவுக்குத்தான் எடுத்தாள். அது நியாயம். அவருடைய அறைதானே. நியாயம் என்று தெரிந்தும் நான் விறாந்தைத் தூணடிக்குப் போய் நின்றேன்.

அவள் புறப்படுவதற்கு முதல் நாள் காலை, மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அலுமாரிக்கு மேலே கிடந்த படத்தை எடுத்தேன். பேப்பரைப் பிரித்தேன். தழும்பு இருந்தது, மங்கலாக, ஆனால் இருந்தது. குசினிக் கதவடியில், நான் தேத்தண்ணி குடிக்கும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஆணி அடித்தேன். இந்த வீட்டுச் சுவரில் நான் அடித்த முதல் ஆணி. ஒவ்வொரு அடிக்கும் யாரோ வந்து "என்ன செய்யிறியள்?" என்று கேட்பார்கள் என்று பயந்து பயந்து அடித்தேன்.

மனைவி வந்து பார்த்தாள். பக்கத்தில் தொங்கிய துடைப்பத்தை எடுத்து வேறு இடத்தில் கொழுவினாள். பிறகு, "இவ்வளவு நாளும் அலுமாரிக்கு மேலை என்ன கிடக்குதெண்டு நானும் கேக்கேல்லை," என்றாள்.

மகள் எழும்பிப் பல் துலக்கிக்கொண்டு வந்தவள் படத்தைக் கண்டு நின்றாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள்.

"அப்பா, உயரம் பிழை."

"ஏன் பிழை? எனக்கு நேரைதானே கிடக்கு."

"இது நிண்டு பாக்கிற உயரம்."

"நான் நிக்கிறனான்தானே."

அவள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் ஹோல் கதிரை, மறு கையில் அளவு நாடா. கதிரையைக் கதவடியில் வைத்தாள். குசினிக்குள் போய்வருகிற வழி அது. மனைவி சட்டியோடு வந்தவள் கதிரையைக் கண்டுவிட்டு விறாந்தையால் சுற்றிக்கொண்டு போனாள்.

"இருங்கோ."

"எனக்கென்ன பிள்ளை, எங்கை…" என்று தொடங்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மிச்சம் வரவில்லை. இருந்தேன்.

"நாடியை நிமித்துங்கோ. அசையாதேங்கோ." நாடாவின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மற்றதை என் கண்ணருகே பிடித்தாள். அவள் கையில் சவர்க்கார மணம் அடித்தது. குனிந்து அளவைப் பார்த்து வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கலாமா என்று கொஞ்சம் யோசித்தேன்.

"பெரியப்பாவின்ரை எவ்வளவு?"

அவள் நாடாவை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அவரிலும் பாக்க நீங்கள் கொஞ்சம் உயரம், அப்பா."

அன்றைக்கு எனக்கு அது போதும்.